'ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' நாடகத்தை எப்படிப் படிப்பது? ஷில்லிங் கணக்கோடு

ஆங்கில நாடகாசிரியர் ஜே.பி. பிரீஸ்ட்லியின் இந்த நாடகத்தை முதல் தடவை எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். "பணக்காரர்கள் கெட்டவர்கள், ஏழைப் பெண் பாவம்" என்று எழுதிவிட்டு மூடிவைத்துவிடுகிறார்கள். நாடகம் அவ்வளவு மொண்ணையானது இல்லை. ஒரு பென்சிலும் வெள்ளைத்தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: தாளின் மேலே 1912, 1945 என்று இரண்டு ஆண்டுகளை எழுதுங்கள். கதை நடப்பது 1912 வசந்தத்தில், பிரம்லி என்ற கற்பனைத் தொழில் நகரத்தில். முதன்முதலில் மேடையேறியது 1945இல், சோவியத் ஒன்றியத்தில். நடுவே இரண்டு உலகப்போர்கள் வந்து போய்விட்டன. ஆலை முதலாளி பிர்லிங் "போரெல்லாம் வராது, டைட்டானிக் மூழ்கவே மூழ்காது" என்று அடித்துப் பேசும்போது, பார்ப்பவர்களுக்கு அவருடைய மற்ற ஞானத்தின் மதிப்பும் தெரிந்துவிடும்.

படி 2: ஈவா ஸ்மித் என்ற ஏழைப் பெண்ணின் தற்கொலையை விசாரிக்க பிர்லிங் வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தைய பக்கங்களை அவசரப்படாமல் படியுங்கள். முக்கால்வாசிப் பேர் தாண்டிப்போகும் இடம் இதுதான், நானும் தாண்டியிருக்கிறேன். மகள் ஷீலாவின் நிச்சயதார்த்த விருந்து. சாப்பாடு நன்றாக இருந்தது, சமையற்காரியிடம் சொல்லிவிடு என்கிறார் பிர்லிங். உடனே மனைவி சிபில், அப்படியெல்லாம் பேசக்கூடாது என்று அவரைக் கடிந்துகொள்கிறாள். பணம் அவருடையது, குலப்பெருமை அவளுடையது, அவ்வளவுதான் விஷயம். மாப்பிள்ளை ஜெரால்டின் அப்பா சர் பட்டம் பெற்றவர்; அவர் வாங்கும் அதே போர்ட் ஒயினைத்தான் தானும் வாங்கியிருப்பதாகச் சொல்லிக்கொள்கிறார் பிர்லிங், அப்புறம் தனக்கும் பட்டம் வரலாம் என்று மாப்பிள்ளை காதில் போட்டுவைக்கிறார். ஏணியில் பாதி ஏறியவனுக்குத்தான் கீழே பார்க்க அவ்வளவு பயம்.

படி 3: கணக்குப் போடுங்கள். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். ஆலைப் பெண்களின் சராசரி வாரக்கூலி 22 ஷில்லிங் 6 பென்ஸ், அவர்கள் கேட்டது 25. இரண்டரை ஷில்லிங்தான் வித்தியாசம். அதற்காக நடந்த வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றதால்தான் ஈவா ஸ்மித்தின் வேலை போகிறது. இனி மூன்றாம் அங்கத்துக்கு வாருங்கள்: பிர்லிங்கின் மகன் எரிக், தன்னால் கர்ப்பமான ஈவாவுக்குக் கொடுக்க அப்பாவின் அலுவலகத்திலிருந்து எடுத்த பணம் சுமார் 50 பவுண்டு, அதாவது 1000 ஷில்லிங். ஈவாவின் பழைய கூலியில் அது ஏறக்குறைய 44 வாரச் சம்பளம். திருட்டுப் பணம் என்று தெரிந்ததும் அவள் அதை வாங்க மறுத்துவிடுகிறாள், கையில் காசே இல்லாத நிலையிலும். அதனால்தான் சிபிலின் தர்ம சங்கத்தில் போய் நிற்க வேண்டிவருகிறது.

அங்கே சிபில் என்ன சொல்கிறாள் என்பதை அடிக்கோடிடுங்கள். குழந்தைக்குத் தகப்பன் எவனோ அவன்தான் பொறுப்பு, அவனைச் சும்மா விடக்கூடாது என்கிறாள். அந்தத் தகப்பன் தன் மகன் எரிக்தான் என்பது, ஷீலாவுக்குப் புரிந்த பிறகும் சிபிலுக்குப் புரியவில்லை. பொறுப்பை யார் தலையிலாவது கட்ட அவசரப்பட்டு, சொந்த வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுகிறாள்.

படி 4: அப்படி ஒரு இன்ஸ்பெக்டரே போலீஸில் இல்லை என்ற செய்தியோடு ஜெரால்ட் திரும்பி வருகிறான். இங்கே தாளை இரண்டாகப் பிரித்து, நிம்மதிப் பெருமூச்சு விடுபவர்களை இடப்பக்கம் எழுதுங்கள், விடாதவர்களை வலப்பக்கம். பிர்லிங், சிபில், ஜெரால்ட் இடப்பக்கம் போவார்கள். ஷீலாவும் எரிக்கும் வலப்பக்கம். வந்தவன் போலியாகவே இருக்கட்டும், நாம் செய்தது செய்ததுதானே என்பது அவர்கள் கட்சி. ஜெரால்ட் நிச்சயதார்த்த மோதிரத்தை மறுபடி நீட்டுகிறான், ஷீலா இப்போது வேண்டாம் என்கிறாள். "இளைய தலைமுறை திருந்திவிட்டது" என்று இங்கே எழுதிவிடாதீர்கள், ஜெரால்டும் இளையவன்தான், அவன் நழுவிவிட்டான்.

படி 5: கடைசியாக வேலைக்காரி எட்னாவின் வசனங்களை மட்டும் எண்ணிப்பாருங்கள், விரல்விட்டு எண்ணிவிடலாம். அவனவன் தன்னைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று பிர்லிங் உபதேசம் செய்துகொண்டிருக்கும்போதே அழைப்புமணி அடிக்கிறது. இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார் என்று உள்ளே வந்து சொல்பவள் எட்னாதான். முடிவில் தொலைபேசி அடிக்கிறது: மருத்துவமனைக்குப் போகும் வழியில் ஒரு பெண் இறந்துவிட்டாள், விசாரிக்க ஒரு இன்ஸ்பெக்டர் வந்துகொண்டிருக்கிறார். அவருக்கும் கதவு திறக்கப்போகிறவள் எட்னாவாகத்தான் இருக்கும்.