டிரான்ஸ்பர் கேஸ் ஆயிலை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

2023 டிசம்பர் 17, 18 ஆகிய இரண்டு நாள் பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டபோது, கல்லிடைக்குறிச்சியில் வசிக்கும் நான், உறவினர் குடும்பம் ஒன்றை அழைத்து வருவதற்காக என் மஹிந்திரா தார் வண்டியை முழங்காலுக்கு மேல் நின்ற தண்ணீரில் ஓட்டிச் சென்றேன். வெள்ளம் வடிந்த பிறகு இன்ஜின் ஆயிலைப் பார்த்தேன், ஏர் ஃபில்டரைக் கழற்றிக் காயவைத்தேன், பிரேக்குகளைச் சுத்தம் செய்தேன். வண்டியின் அடிவயிற்றில் இருக்கும் டிரான்ஸ்பர் கேஸ் மட்டும் நினைவுக்கு வரவில்லை. பொங்கல் கழிந்து ஒருநாள் அதைத் திறந்தபோது, பால் அதிகமாக விட்ட காபியின் நிறத்தில் ஒரு குழம்பு வடிந்தது. உள்ளே இருக்கும் பேரிங்குகள் கெடுவதற்கு முன்னால் பார்த்துவிட்டேன் என்பது ஒன்றே ஆறுதல். இந்த வேலையை முதன்முறையாகச் செய்யப்போகிறவர்களுக்காக, ஒவ்வொரு கட்டத்திலும் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை விரிவாக எழுதுகிறேன்.

டிரான்ஸ்பர் கேஸ் என்பது கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை வாங்கி, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. பெரும்பாலான வண்டிகளில் அது கியர்பாக்ஸின் பின்புறத்தோடு ஒட்டியிருக்கும். பழைய மாருதி ஜிப்ஸியில் தனியாக நிற்கும், இடையில் ஒரு குட்டை ஷாப்ட் இணைக்கும். நான்கு சக்கரங்களுக்கும் தானாகவே சுழற்சி போகும் ஆல் வீல் டிரைவ் கார்களில் இதே வேலையைச் செய்யும் சிறிய பெட்டி, கியர்பாக்ஸின் பக்கவாட்டில், பெரும்பாலும் சைலன்சர் குழாயின் சூடு படும் இடத்தில் இருக்கும். அதில் பிடிக்கும் ஆயிலின் அளவு குறைவு என்பதால், அது சீக்கிரம் கெடவும் செய்யும். எந்த வகையாக இருந்தாலும் இன்ஜினுக்கு இருப்பதுபோல அளவுக்கம்பி பொதுவாக இதற்குக் கிடையாது. பக்கவாட்டில் மேலே ஒரு ஊற்றும் துளையும், கீழே ஒரு வடிக்கும் துளையும் மட்டுமே இருக்கும்; இரண்டையும் மரையுள்ள பிளக் மூடியிருக்கும்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓடிச் சூடான பெட்டி குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது, உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து இழுக்கத் தொடங்குகிறது. உள்ளே காற்று போய்வர மேலே இருக்கும் மூச்சுக்குழாய் அடைத்திருந்தாலோ, அதன் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தாலோ, ஆயில் சீலின் ஓரமாகவோ அந்தக் குழாய் வழியாகவோ தண்ணீர் ஏறிவிடும். ஆகவே வெள்ளத்தில் ஓட்டிய வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்குப் பார்க்க வேண்டாம். அடுத்த நாளே திறந்து பாருங்கள். சாதாரண ஓட்டத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். நான் 40,000 கிலோமீட்டருக்கு மேல் விடுவதில்லை.

ஆயில் வாங்குவதில்தான் தொடக்கத்தில் பலரும் தவறுகிறார்கள். சில பெட்டிகளுக்கு 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90 போன்ற கெட்டியான கியர் ஆயில் வேண்டும். சங்கிலியால் இயங்கும் பல பெட்டிகளுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் மெல்லிய சிவப்பு ஏடிஎஃப் வேண்டும். உள்ளே கிளட்ச் தட்டுகள் உள்ள பெட்டிகளுக்கு நிறுவனம் சொல்லும் குறிப்பிட்ட ஆயிலைத் தவிர வேறு எதுவும் ஆகாது. கியர் ஆயிலின் தர வகையை ஜிஎல் எண் குறிக்கும்; ஜிஎல்-4 என்று கையேடு சொன்னால், எண் பெரிதாக இருக்கிறதே என்று ஜிஎல்-5 ஊற்றக் கூடாது. ஜிஎல்-5 ஆயிலில் கூடுதலாக இருக்கும் கந்தகச் சேர்மானங்கள் பித்தளை, வெண்கலப் பாகங்களை அரிக்கக்கூடும். கடைக்காரர் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று சொன்னாலும், கையேட்டின் பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துச் சென்று, டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பதோடு ஒப்பிட்டு வாங்குங்கள். அளவு பொதுவாக இரண்டு லிட்டருக்குள் அடங்கும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். உங்கள் பிளக்குக்குப் பொருந்தும் ஸ்பேனர் அல்லது ஆலன் கீ, குறித்த அளவு இறுக்கத்துக்கு முடுக்கும் டார்க் ரெஞ்ச், இரண்டு புதிய வாஷர்கள், மூன்று லிட்டராவது பிடிக்கும் தட்டு, நீளக் குழாய் பொருத்திய கைப்பம்பு, பழைய பருத்தித் துணி, கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவை போதும். நேராக ஊற்றுவதற்குக் கீழே இடம் இருக்காது என்பதால் கைப்பம்பு இல்லாமல் தொடங்க வேண்டாம்.

ஆயில் இளஞ்சூட்டில் இருந்தால்தான் அடியில் தங்கிய கசடும் சேர்ந்து வடியும். பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, சைலன்சர் குழாய் ஆறும்வரை அரைமணி நேரம் காத்திருந்து வேலையைத் தொடங்குங்கள். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் பின்னால் அளவு பார்ப்பது பொய்யாகிவிடும். தார் போன்ற உயரமான வண்டிக்கு ஜாக்கியே தேவைப்படாது. தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் நான்கு பக்கமும் ஒரே மட்டத்தில் தூக்கி, ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது.

இங்கே ஓர் ஆபத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். டிரான்ஸ்பர் கேஸை இயக்கும் லீவர் நியூட்ரலில் இருந்தால், கியரை முதல் கியரில் போட்டு வைத்திருந்தாலும் வண்டி உருளும். ஏனென்றால் கியர்பாக்ஸுக்கும் சக்கரங்களுக்கும் இடையிலான தொடர்பு அந்த இடத்தில் அறுந்திருக்கிறது. எனவே லீவரை 2எச் (இரு சக்கரம் மட்டும் இயங்கும்) நிலையில் வைத்து, கியர் போட்டு, கை பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டையை அண்டை கொடுத்த பிறகே கீழே செல்லுங்கள்.

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறோம். முதலில் கழற்ற வேண்டியது மேலே இருக்கும் ஊற்றும் பிளக். வடிக்கும் பிளக்கை முதலில் திறந்து ஆயிலையெல்லாம் இறக்கிய பிறகு, மேல் பிளக் இறுகிப்போய் வர மறுத்தால், வண்டியை ஓட்டவும் முடியாது, ஆயில் ஊற்றவும் முடியாது. என் வண்டியில் முன்பு வேலை பார்த்த ஒரு பட்டறையில், பொருந்தாத ஸ்பேனரைப் போட்டு மேல் பிளக்கின் முனைகளை மழுங்க அடித்திருந்தார்கள். சுற்றிலும் அப்பியிருந்த செம்மண்ணைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு இளக்கும் திரவத்தைத் தெளித்து, ஓர் இரவு ஊறவிட்டுத்தான் அதைக் கழற்ற முடிந்தது. கீழ் பிளக் மூடியே இருந்ததால் அந்த இரவிலும் வண்டி ஓடும் நிலையில் இருந்தது.

மேல் பிளக் வந்ததும் தட்டைக் கீழே வைத்து வடிக்கும் பிளக்கைத் திறவுங்கள். கடைசிச் சுற்றுகளை விரலால் சுழற்றும்போது பிளக்கை உள்நோக்கி அழுத்திப் பிடித்திருந்து சட்டென்று விலக்கினால், முழங்கை வரை ஆயில் வழியாது. கால்மணி நேரம் வடியட்டும்.

வடியும் நேரத்தில் பழைய ஆயிலைக் கூர்ந்து பாருங்கள். பல பிளக்குகளின் நுனியில் காந்தம் இருக்கும். அதில் மை போன்ற சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். துணியில் துடைத்து விரல்களுக்கிடையே தேய்த்தால் நெருடாது. நெருடினால், அல்லது நகக்கண் அளவில் உலோகச் செதில் அகப்பட்டால், புது ஆயிலோடு விஷயத்தை முடித்துக்கொள்ளாமல் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் பெட்டியைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கருகிய வாடை வந்தால் ஆயில் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. காபி நிறம் வந்தால் தண்ணீர். அப்படி வந்த என் பெட்டிக்குப் புது ஆயில் ஊற்றி, நூறு கிலோமீட்டர் ஓட்டி, மீண்டும் வடித்தேன். இரண்டாம் முறையும் லேசாக மங்கலாக இருந்ததால் மூன்றாம் முறையும் மாற்றினேன். கூடவே மூச்சுக்குழாயின் அடைப்பையும் நீக்கினேன்.

வடிந்து முடிந்ததும் காந்தத்தைத் துடைத்து, புது வாஷர் போட்டு, கீழ் பிளக்கை முதலில் கையாலேயே முடுக்குங்கள். பெட்டி அலுமினியம்; கோணலாக ஏற்றினாலோ பலத்தைக் காட்டினாலோ மரை போய்விடும். கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்கி நிறுத்துங்கள். பிறகு மேல் துளையில் பம்பின் குழாயைச் செருகி, துளையின் விளிம்பிலிருந்து ஆயில் மெல்லிய நூலாக வழியத் தொடங்கும்வரை ஏற்றுங்கள். வழிவது சொட்டாகக் குறைந்ததும் மேல் பிளக்கையும் அதேபோல மூடலாம். சில ஆல் வீல் டிரைவ் கார்களில் விளிம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். அங்கே கையேட்டின் அளவே சரி.

சுற்றுப்புறத்தைத் துடைத்துவிட்டு ஐந்தாறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள். நான்கு சக்கரமும் இயங்கும் 4எச், அதிலேயே வேகம் குறைந்து இழுவை கூடும் 4எல் நிலைகளை மண் தடத்தில் சோதியுங்கள். தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்துக்கு மாற்றும் வண்டிகளை உலர்ந்த தார்ச்சாலையில் அந்த நிலையில் திருப்பினால் பெட்டிக்கே கேடு. இந்தச் சோதனைக்காக மாஞ்சோலைப் பாதையைத் தேட வேண்டாம். அது புலிகள் காப்பகம், வனத்துறையின் அனுமதி இல்லாமல் போகக் கூடாது.

பழைய ஆயிலைப் புது ஆயில் வந்த டப்பாவிலேயே ஊற்றி மூடி வையுங்கள். எங்கள் ஊரின் ஊடே ஓடும் கன்னடியன் கால்வாய்த் தண்ணீர்தான் கீழே வயல்களுக்குப் பாய்கிறது. ஒரு டப்பா ஆயிலைச் சாக்கடையில் கவிழ்த்தாலும் அது அங்கேதான் போய்ச் சேரும். கழிவு ஆயில், 2016-ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகளுக்குள் வருகிறது. அதைச் சேகரித்து, உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்கு அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.

அன்றிரவு பெட்டிக்கு நேர் கீழே ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அட்டை உலர்ந்திருந்தால், தேதியையும் கிலோமீட்டரையும் ஆயிலின் பெயரையும் ஒரு காகிதத்தில் எழுதி, பானெட்டின் உட்புறம் ஒட்டிவிடலாம்.