மவுஸைக் கழற்றிவிட்டு மெனுவைச் சோதியுங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினி விளையாட்டு உருவாக்குகிறவர்கள் மாதக்கணக்கில் மவுஸும் கையுமாகவே மெனுவைச் சோதிக்கிறார்கள். அதனாலேயே அதன் பெரிய பிழைகள் கண்ணில் படுவதில்லை. மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, அம்புக்குறி விசைகளை மட்டும் வைத்துக்கொண்டு ‘தொடங்கு’, ‘அமைப்புகள்’, ‘வெளியேறு’ மூன்றுக்கும் போய்வர முடிகிறதா என்று பாருங்கள். விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளான கோடோ எஞ்சினை வைத்துச் சொல்கிறேன்.

பட்டன்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிட்டால் மேல், கீழ் விசைகள் தாமாக வேலை செய்யும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். செய்யாது. திரை திறக்கும்போது எந்தப் பட்டனிலும் ஃபோகஸ், அதாவது விசைகளுக்குப் பதிலளிக்கும் தேர்வு, இருக்காது. கிளம்ப ஓர் இடம் இல்லாமல் விசை எங்கே நகரும்? முதல் பட்டனுக்கு ‘கிராப் ஃபோகஸ்’ கட்டளையை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். துணை மெனுவிலிருந்து திரும்பும்போதும் அப்படியே. மறைக்கப்பட்ட பட்டன் ஃபோகஸை இழந்துவிடும். ‘அமைப்புகள்’ பக்கம் போய்த் திரும்புகிறவர் அதே பட்டனில் வந்து நிற்பதுதான் முறை.

அடுத்தது, இரண்டு பட்டன்கள் ஒரே நேரத்தில் ஒளிர்வது. மவுஸ் ‘வெளியேறு’ மேல் சும்மா கிடக்கிறது, விசையால் ‘தொடங்கு’ தேர்வாகியிருக்கிறது. என்டர் தட்டினால் எது நடக்கும் என்று ஆடுகிறவருக்கு எப்படித் தெரியும்? மவுஸ் பட்டனுக்குள் நுழைந்ததும் ஃபோகஸையும் அங்கேயே கொண்டுபோய்விட்டு, மவுஸ் மேலே கிடப்பதற்கென்று தனி ஒளிர்வு வைக்காமல் விட்டால் குழப்பம் தீர்ந்தது. தேர்வை நிறத்தால் மட்டும் காட்டாதீர்கள். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் நம்மிடையே நிறையப் பேர்; பக்கத்தில் ஒரு சிறு அம்புக்குறி போதும்.

நீண்ட பட்டியல் என்றால் அதை உருட்டிக் காட்டும் ஸ்க்ரோல் கன்டெய்னரில், தேர்வோடு பட்டியலையும் நகர்த்தும் ‘ஃபாலோ ஃபோகஸ்’ இயல்பாக அணைந்தே இருக்கும். இயக்காவிட்டால் தேர்வு திரைக்குக் கீழே இறங்கிக் காணாமல் போய்விடும்.

என்னை மிகவும் வருத்தும் தவறு ஒன்று உண்டு. மூன்று நாள் ஆடிச் சேமித்ததை ஒரு சிறுவன் ஒரே தட்டலில் இழந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ‘அழி’ என்பதைத் தட்டினான், ‘உறுதியா?’ என்ற கேள்வி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. காரணம் எளிது. விசை அழுந்தியிருக்கிறதா என்று அந்த ஆட்டத்தின் நிரல் ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும், கேட்டுக்கொண்டிருந்தது. நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் ஆட்டத்தில், 0.1 நொடி நீடிக்கும் தட்டல் 6 ஃபிரேம்களில் பதிவாகும். முதல் ஃபிரேமில் கேள்வி திறந்தது, அடுத்ததிலேயே ‘ஆம்’ என்று பதில் போய்விட்டது. ‘அழுந்தியிருக்கிறதா’ என்று கேட்காமல் ‘இப்போதுதான் அழுந்தியதா’ என்று கேளுங்கள். கேள்வி திறக்கும்போது ஃபோகஸ் ‘வேண்டாம்’ மீது இருக்கட்டும்.

ஆட்டத்தை இடைநிறுத்தும்போது மெனுவும் சேர்ந்து உறைந்துவிடாதபடி அது எப்போது இயங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் ‘பிராசஸ் மோட்’ மதிப்பை மாற்ற மறக்காதீர்கள்.

தமிழில் மெனு வைப்பவர்களுக்கு இன்னொன்று. ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்துப் பட்டனின் அகலத்தைப் பூட்டிவிட்டால் ‘சேமித்த ஆட்டத்தைத் தொடர்’ பாதியில் வெட்டுப்படும். பழைய கோடோ 3 பதிப்பில் எழுத்துகளே சிதறும். ‘தேர்வு’ என்று எழுதினால் கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 2023 மார்ச்சில் வந்த கோடோ 4 இதைச் சரிசெய்துவிட்டது. தமிழ் மெனுவுக்கு அதற்கு முந்தைய பதிப்பைத் தொடவே வேண்டாம்.