என்லார்ஜரைப் பிரித்து காரில் கொண்டுபோவது எப்படி?

என்லார்ஜர் என்பது நெகட்டிவ் ஃபிலிமின் படத்தைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழவைக்கும் இருட்டறைக் கருவி. பெசலர் 23சி என்ற மாடல் மாதிரி சுருள்வில் வைத்த என்லார்ஜர்களை மனதில் வைத்து எழுதியது இது. படுக்கப் போட்டு அப்படியே ஏற்றினால் தலையின் (பல்பும் லென்ஸும் இருக்கும் மேல்பகுதியின்) எடை முழுக்க தூணின் ஒரே இடத்தில் விழும். அதனால் லென்ஸ், தலை, தூண், அடிப்பலகை என்று நாலாகப் பிரித்துவிடுங்கள்.

கருவிகளில் எல்-கீ செட் முக்கியம். அமெரிக்கத் தயாரிப்பு என்றால் இஞ்ச் அளவு செட் வேண்டும். மில்லிமீட்டர் கீயை நுழைத்துத் திருகினால் போல்ட்டின் குழி வழுக்கி உருண்டையாகிவிடும். ஸ்பேனரில் ரிங் ஸ்பேனர்தான் சரி. அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். ஜிப் கவர், மாஸ்கிங் டேப், மார்க்கர், இரண்டு பழைய போர்வை, ஒரு பெல்ட் கயிறு. இவ்வளவு போதும்.

பிளக்கைப் பிடுங்கி பல்ப் நன்றாக ஆறியபின் அதைக் கழற்றுங்கள். ஹாலஜன் பல்பாக இருந்தால் துணியால் மட்டும் பிடிக்கவும். நெகட்டிவ் கேரியர் (ஃபிலிமைப் பிடிக்கும் தட்டு), லென்ஸுக்குக் கீழே இருக்கும் சிவப்பு ஃபில்டர், லென்ஸ் மூன்றையும் எடுத்துவிடுங்கள். லென்ஸுக்கு இரு பக்கமும் மூடி போட வேண்டும். கண்டென்சர் கண்ணாடிகள் (பல்பின் வெளிச்சத்தை ஃபிலிமில் சீராக விழவைக்கும் லென்ஸ்கள்) இரண்டையும் வெளியே எடுக்கும் முன் ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்: புடைத்த பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். திரும்ப மாட்டும்போது ஒன்று தலைகீழாகப் போனால் வெளிச்சம் சீராக விழாது. இரண்டையும் தனித்தனியாகப் பருத்தித் துணியில் சுற்றுங்கள்.

இனி சுருள்வில். நிதானமாகப் படியுங்கள், அடிபடுவது இங்கேதான். தலை இவ்வளவு கனமாக இருந்தும் கைப்பிடியை லேசாகச் சுற்றினால் மேலே ஏறக் காரணம், வில் அதை எந்நேரமும் மேலே இழுத்துக்கொண்டிருப்பது. தலை கீழே இருக்கும்போது வில் முழுக்க நீண்டிருக்கும். அந்த நிலையில் தலையைக் கழற்றினால் எடை போய்விடும், இழுப்பு போகாது. தூணில் ஏறி இறங்கும், தலையைப் பிடித்திருக்கும் தாங்கி ‘விர்’ரென்று மேலே பாயும்; நடுவில் இருப்பது உங்கள் விரலாகவோ முகமாகவோ இருக்கலாம். தலையை ஒரே உயரத்தில் நிறுத்தும் லாக் நாபை மட்டும் நம்ப வேண்டாம், தேய்ந்த நாப் வழுக்கும். எனவே தலையை உச்சிவரை ஏற்றுங்கள், லாக்கை இறுக்குங்கள், பிறகு தாங்கியைத் தூணின் மேல் சட்டத்தோடு பெல்ட் கயிற்றால் கட்டுங்கள். அதன்பிறகே தலையைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள். ஒருவர் தலையைத் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் கழற்ற வேண்டும். வில்லைத் தனியாகக் கழற்றாதீர்கள். தாங்கியும் வில்லும் தூணோடு அப்படியே வரட்டும், கயிறும் கட்டியபடியே இருக்கட்டும்.

அடுத்து, பலகையை மேசை விளிம்புக்கு வெளியே இழுத்தால் அடியிலுள்ள போல்ட்டுகள் தெரியும். தூணை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். தூணின் காலடியில் மெல்லிய தகடோ மடித்த காகிதமோ இருந்தால் குப்பை என்று தூக்கிப் போடாதீர்கள். யாரோ மட்டம் பார்த்து வைத்தது அது. எந்த போல்ட்டுக்குக் கீழே இருந்தது என்று எழுதி, அந்த போல்ட்டுகளைப் போடும் ஜிப் கவரிலேயே போடுங்கள்.

காரில் ஏற்றும்போது பலகை டிக்கியில் அடியில், அதன்மேல் போர்வை சுற்றிய தூண். தூணில் தலையை ஏற்றி இறக்கும் பல்சக்கரப் பட்டையில் எதுவும் இடிக்கக் கூடாது. தலையின் பெல்லோஸை (லென்ஸுக்கு மேலிருக்கும் மடிப்புத் துருத்தியை) லேசாக மடக்கி ஃபோகஸ் நாபை இறுக்கி, லென்ஸ் தட்டின் மேல் எடை விழாதபடி பின் சீட்டில் தலையணை மேல் கிடத்தி சீட் பெல்ட் போடுங்கள். லென்ஸ் உங்கள் கைப்பையில் வர வேண்டும். வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டால் பழைய லென்ஸின் ஒட்டுப்பசை விட்டுப்போகும். ஏசி காரிலிருந்து இறக்கியதும் லென்ஸைச் சுற்றியிருக்கும் கவரைப் பிரிக்காதீர்கள், கண்ணாடியில் ஈரம் படியும்; ஒரு மணி நேரம் போகட்டும்.

மறுபடி பூட்டியபின் ரசமட்டத்தைப் பலகை, நெகட்டிவ் தட்டு, லென்ஸ் தட்டு மூன்றிலும் வைத்துப் பாருங்கள். மேசை சாய்ந்திருந்தாலும் பரவாயில்லை, மூன்றும் ஒரே மாதிரி சாய்ந்திருந்தால் போதும். கழுவிய ஃபிலிமின் கறுத்த நுனியில் ஊசியால் மூலைக்கு மூலை கோடு கீறி, லென்ஸை முழுக்கத் திறந்து அந்தக் கோடுகளைப் பலகையில் விழ வையுங்கள். நடுவும் நாலு மூலையும் ஒரே ஃபோகஸில் கூர்மையாகத் தெரிய வேண்டும். ஒரு மூலை மட்டும் மங்கினால் முதலில் அந்தத் தகடு, காகிதத்தைச் சரிபாருங்கள்.

பின்குறிப்பு: கலர் ஹெட் (நிற ஃபில்டர்கள் உள்ளேயே பொருத்திய தலை) வைத்திருப்பவர்கள் மூன்று டயலையும் 0-வுக்குத் திருப்பிவிட்டு எடுங்கள், ஃபில்டர்கள் ஒளிப்பாதையிலிருந்து ஒதுங்கிக்கொள்ளும். அதன் டிரான்ஸ்ஃபார்மர் நல்ல கனம். முன் சீட்டின் பின்னால், காரின் தரையில் வையுங்கள். சடன் பிரேக் போட்டால் பறந்து வர இடமிருக்கக் கூடாது.