ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம்: கேபிள்காரரைக் கூப்பிடும் முன்

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, குகை என்ற இரண்டு பகுதிகளிலும் கேபிள் இணைப்பு கொடுப்பது என் தொழில். ஐபிஎல் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணியைத் தாண்டினால் என் கைப்பேசி ஓயாது. எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "அண்ணா, சென்னை மேட்ச் ஏழரைக்குத்தானே? இங்கே இன்னும் பழைய மேட்ச்தான் ஓடுகிறது. லைன் போய்விட்டதா?" லைன் எங்கும் போகவில்லை. முதல் ஆட்டம் இழுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவது ஆட்டம் வேறு எண்ணில் தொடங்கிவிட்டது. அந்த வேறு எண் எது, அது உங்கள் பெட்டியில் வருமா, டிவிக்காரர்கள் எதை முன்னே வைத்து எதைப் பின்னே தள்ளுவார்கள் என்பதை நீங்கள் தெரிந்துவைத்துக்கொண்டால், நானும் ஒரு தட்டுவடை செட்டை நின்று நிதானமாகச் சாப்பிடுவேன்.

முதலில் நேரக் கணக்கைப் பாருங்கள். இரட்டை ஆட்ட நாளில் முதல் ஆட்டம் 3.30, அடுத்தது 7.30. நடுவில் நான்கு மணி நேரம் இருப்பது தாராளமாகத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டு முறை தலா இரண்டரை நிமிட இடைவேளை, மூன்றாம் நடுவரிடம் போகும் முடிவுகள், பந்து மாற்றுவது, காயம், தண்ணீர் என்று எல்லாம் சேர்ந்தால் ஏழேகால் ஆகிவிடுகிறது. அதற்கு மேல் ஒரு சூப்பர் ஓவர் வந்தால் கணக்கு உடைந்தது. 2020 அக்டோபர் 18 நினைவிருக்கிறதா? நம் சின்னப்பம்பட்டி நடராஜன் ஆடிய ஐதராபாத் அணிக்கும் கொல்கத்தாவுக்கும் பிற்பகல் ஆட்டம். அது சமனாகி சூப்பர் ஓவருக்குப் போனபோது மாலை ஆட்டத்தின் டாஸ் நேரமே கடந்துவிட்டது. அந்த மாலை ஆட்டமும், மும்பைக்கும் பஞ்சாபுக்கும், சமனாகி இரண்டு சூப்பர் ஓவர் கண்டது. அன்றைக்கு என் லைனில் யாரும் சீக்கிரம் தூங்கவில்லை.

இப்படி மோதும்போது ஒளிபரப்பு நிறுவனம் பொதுவாகச் செய்வது இதுதான். ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தை முதன்மைச் சேனலிலிருந்து அறுப்பதில்லை. அடுத்த ஆட்டத்தின் டாஸைத் திரையின் மூலையில் சின்னக் கட்டத்தில் காட்டும். புதிய ஆட்டத்தின் முதல் பந்து தங்களுடைய இரண்டாவது சேனலில் விழும். சில நேரம் அதே நிறுவனத்தின் பொழுதுபோக்குச் சேனலைக்கூட அதற்குப் பயன்படுத்துவார்கள். முதல் ஆட்டம் முடிந்ததும் பரிசளிப்பைச் சுருக்கிவிட்டு, முதன்மைச் சேனலும் நடுவில் போய்ச் சேர்ந்துகொள்ளும். இரண்டு ஆட்டத்துக்கும் விளம்பரம் தனித்தனியே விற்றாகிவிட்டது. ஒன்றைக் காட்டாமல் விட்டால் யாருக்காவது பணம் திருப்பித் தர வேண்டியிருக்கும். ஆகவே இரண்டும் எங்கேயாவது கட்டாயம் ஓடும். காணவில்லை என்று பதறாமல் தேடுங்கள்.

அறுக்காமல் இருக்கும் இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு பெரிய அவமானம் இருக்கிறது. 1968 நவம்பர் 17, அமெரிக்கா. நியூயார்க் ஜெட்ஸும் ஓக்லாந்து ரெய்டர்ஸும் மோதிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். ஜெட்ஸ் 32-29 என்று முன்னால் நிற்க, ஆட்டத்தில் பாக்கி ஏறத்தாழ ஒரு நிமிடம். சரியாக ஏழு மணிக்கு ஒரு குழந்தைகள் படம் போடுவதாக விளம்பரதாரருக்கு என்பிசி வாக்குக் கொடுத்திருந்தது. மணி ஏழானதும் நாட்டின் கிழக்குப் பகுதி வீடுகளில் ஆட்டம் மறைந்து படம் வந்துவிட்டது. அந்த ஒரு நிமிடத்துக்குள் ரெய்டர்ஸ் இரண்டு டச்டவுன் போட்டு 43-32 என்று ஜெயித்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், ஆட்டத்தைத் தொடர்ந்து காட்டலாம் என்று மேலதிகாரிகள் முடிவு செய்துவிட்டார்களாம். ஆனால் படம் வருமா, ஆட்டம் நிற்குமா என்று மக்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு நிலையத்தின் தொலைபேசிகள் அடைத்துக்கொண்டதால், அந்த முடிவைக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லவே அவர்களால் முடியவில்லை. அந்தப் படத்தின் பெயராலேயே 'ஹைடி ஆட்டம்' என்று இன்றும் சொல்கிறார்கள். அதன் பிறகு ஆட்டத்தை முடிவு வரை காட்டுவது ஒப்பந்த விதியாகவே வந்தது. கட்டுப்பாட்டு அறைக்குத் தனித் தொலைபேசி ஒன்றும் போட்டார்கள். ஞாயிறு மாலை என் கைப்பேசி சூடாகும்போதெல்லாம் தொலைபேசி கிடைக்காமல் தவித்த அந்த மேலதிகாரிகள் மேல் எனக்குத் தனிப் பாசம் வரும்.

இப்போது உங்கள் வேலை. சனிக்கிழமையே உங்கள் சேனல் பேக்கைப் பாருங்கள். இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த கட்டண முறைக்குப் பிறகு, வேண்டிய சேனலை நீங்கள்தான் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டுகிறீர்கள். பெரும்பாலானவர்கள் தமிழ் விளையாட்டுச் சேனல் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவது ஆட்டம் தள்ளிவைக்கப்படும் சேனல் அவர்கள் பேக்கில் இருக்காது. ஹெச்டி ஒரு சேனல், சாதாரணம் வேறொரு சேனல், கட்டணமும் தனித்தனி. ஒன்று இருந்தால் மற்றதும் வரும் என்று நினைக்காதீர்கள். முதன்மைச் சேனலை நடத்தும் நிறுவனத்தின் மற்ற விளையாட்டுச் சேனல்களின் எண்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒவ்வொன்றையும் போட்டுப் பாருங்கள். படம் வருகிறதா, சந்தா இல்லை என்று எழுத்து வருகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். சேர்க்க வேண்டுமானால் சனிக்கிழமையே சொல்லுங்கள். ஞாயிறு ஏழரைக்கு ஊரே ஒரே சேனலைக் கேட்கும்போது, பெட்டிக்குக் கட்டளை போய்ச் சேரத் தாமதமாகும்.

திரையில் வரும் நிகழ்ச்சி அட்டவணையை முழுதாக நம்பவேண்டாம். அது முன்கூட்டியே போட்ட திட்டம். ஆட்டம் இழுப்பது அதற்குத் தெரியாது. 'நேரலை' என்று இருக்கும், உள்ளே போனால் போன வருட ஆட்டம் ஓடும். அதைவிட, ஏழு மணியிலிருந்து திரையின் அடியில் ஓடும் எழுத்தைக் கவனியுங்கள். எந்தச் சேனலில் அடுத்த ஆட்டம் என்று அதில்தான் வரும். வர்ணனையாளரும் இரண்டு மூன்று முறை சொல்லிவிடுவார். நாம்தான் அந்த நேரம் பார்த்துத் தோசைக்கு எழுந்து போய்விடுகிறோம்.

மொழி ஒரு தனிச் சிக்கல். செவ்வாய்ப்பேட்டையில் என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வெள்ளிப் பட்டறைக்காரர்கள். கொலுசு வேலை செய்கிறவருக்குக் கண் கையில்தான் இருக்க வேண்டும். சலங்கை முத்தைப் பற்றவைக்கும்போது நிமிர்ந்து டிவி பார்த்தால் அன்றைய கூலி போச்சு. அந்தப் பட்டறைகளில் டிவி உயரத்தில் ஒரு பலகையில் இருக்கும், ரிமோட்டைப் பாலித்தீன் பையில் போட்டு ரப்பர் பேண்ட் கட்டியிருப்பார்கள். ஆட்டத்தை அவர்கள் காதால்தான் பார்க்கிறார்கள். இரண்டாவது சேனலில் தமிழ் வர்ணனை இல்லாமல் இந்தியோ ஆங்கிலமோ வந்தால் அவர்களுக்கு ஆட்டமே இல்லாத மாதிரிதான். ரிமோட்டில் ஆடியோ என்ற பொத்தானை அழுத்திப் பாருங்கள். சில சேனல்களில் மொழி மாறும். மாறவில்லையென்றால் முதல் ஆட்டம் முடியும் வரை பொறுத்திருப்பதைத் தவிர வழி இல்லை. தமிழ்ச் சேனல் திரும்பி வரும்போது மூன்று நான்கு ஓவர் போயிருக்கும், அவ்வளவே.

வேண்டுமென்றே ஒரே நேரத்தில் வைக்கும் ஆட்டங்கள் வேறு வகை. 1982 உலகக் கோப்பைக் கால்பந்தில் ஜூன் 25 அன்று ஸ்பெயினின் கிகோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. அதே பிரிவில் இருந்த அல்ஜீரியா தன் கடைசி ஆட்டத்தை முந்தைய நாளே ஆடி முடித்திருந்தது. ஜெர்மனி சிறிய வித்தியாசத்தில் ஜெயித்தால் இருவரும் அடுத்த சுற்றுக்குப் போகலாம், அல்ஜீரியா வெளியே. ஜெர்மனி ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டது; மீதி நேரம் முழுவதும் பந்தை அங்கும் இங்கும் உருட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வெட்கக்கேட்டுக்குப் பிறகு, 1986 முதல், பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களை ஒரே நேரத்தில் தொடங்குகிறார்கள். இங்கிலாந்தின் பிரீமியர் லீகிலும் கடைசி நாளில் பத்து ஆட்டமும் ஒன்றாகத் தொடங்கும். ஐபிஎல்லில் முதன்முதலாக 2021 அக்டோபர் 8 அன்று இரண்டு லீக் ஆட்டங்களை ஒரே ஏழரைக்கு வைத்தார்கள்.

இந்த மாதிரி நாளில் எந்த ஆட்டத்தை எப்போது பார்ப்பது? அன்றைய ஐபிஎல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மும்பை 235 அடித்துவிட்டு, ஐதராபாத்தை 64-க்குள் மடக்கினால்தான் அடுத்த சுற்றுக்குள் வர முடியும் என்ற நிலை. ஐதராபாத் 64-ஐத் தாண்டிய அந்த நொடியில் அந்த ஆட்டத்தின் உயிர் போய்விட்டது. அடுத்த சேனலில் பெங்களூருவுக்கும் டெல்லிக்கும் நடந்த ஆட்டமோ கடைசிப் பந்தில் ஸ்ரீகர் பரத் அடித்த சிக்ஸரில் முடிந்தது. அட்டவணையில் எந்த முடிவு எதை மாற்றும் என்பதை முன்பே பார்த்து வைத்துக்கொண்டு, அது தீர்ந்ததும் கூச்சமில்லாமல் சேனலை மாற்றிவிடுங்கள். வீட்டில் வேறு அணி ரசிகர் இருந்தால் அது உங்கள் பாடு.

ஒன்றை டிவியிலும் இன்னொன்றைக் கைப்பேசியிலும் பார்க்கிறீர்கள் என்றால் ஒரு விஷயம். கைப்பேசிச் செயலியில் வரும் படம் கேபிளைவிட அரை நிமிடம் வரை பின்தங்கும். உங்களுக்கு நெஞ்சுக்கு நெருக்கமான ஆட்டத்தை டிவியில் வையுங்கள். இல்லாவிட்டால் பந்துவீச்சாளர் ஓடிவரும்போதே பக்கத்து வீட்டில் வெடி போட்டுவிடுவார்கள்.

மோதலில் எப்போதும் அடிபடுவது தடகளம். 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் செப்டம்பர் 3 இரவு, நம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் உயரம் தாண்டும் அதே மைதானத்தில், அதே வேளையில், ஈட்டி எறிதலிலும் இந்தியர்கள் இருந்தார்கள். உயரம் தாண்டுதலில் சரத்குமார் வெள்ளி, மாரியப்பன் வெண்கலம். ஈட்டியில் அஜீத் சிங் வெள்ளி, சுந்தர் சிங் குர்ஜார் வெண்கலம். தடகளத்தில் ஒரே மைதானத்தில் மூன்று போட்டி நடக்கும்; பொதுவான படத்தில் ஓட்டத்துக்குத்தான் முதலிடம். ஓட்டம் தொடங்கினால் தாண்டுபவரை அப்படியே விட்டுவிட்டுக் கேமரா ஓடிவிடும். அவர் தாண்டினாரா, கம்பு விழுந்ததா என்பது பிறகு மறு ஒளிபரப்பில்தான். ஒலிம்பிக்ஸில் ஓபிஎஸ் (OBS) என்ற ஒளிபரப்பு நிறுவனம் எறிதலுக்கும் தாண்டுதலுக்கும் தனித்தனிப் படத்தையும் கொடுக்கிறது. அதை நம் டிவியில் காட்டுவதுதான் அரிது. இத்தகைய நாளில் டிவியை விட்டுவிட்டு, உரிமை வைத்திருக்கும் செயலியில் அந்தப் போட்டிக்குத் தனிப்படம் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு சாதாரண ஐபிஎல் ஆட்டத்துக்குப் பல மொழி கொடுக்கிறவர்கள் மாரியப்பனுக்கு ஒரு கேமரா ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்றும் கோபம்தான்.

தூர்தர்ஷன் பற்றிய குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் என்று அறிவிக்கப்பட்ட போட்டிகளை ஒளிபரப்பு உரிமையாளர் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். டிவி விளம்பர வருமானத்தில் உரிமையாளருக்குக் குறைந்தது 75 சதவீதம், மீதிதான் பிரசார் பாரதிக்கு. ஆனால் 2017-இல் உச்ச நீதிமன்றம், அப்படிப் பகிரும் படம் தூர்தர்ஷனின் சொந்த தரைவழி ஒளிபரப்புக்கும் ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டுமே என்று சொல்லிவிட்டது. அதனால்தான் அத்தை வீட்டு ஃப்ரீ டிஷ்ஷில் இந்திய ஆட்டம் வருகிறது, உங்கள் கேபிளில் அதே தூர்தர்ஷனில் வருவதில்லை. நான் மறைத்து வைக்கவில்லை. ஐபிஎல் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என் மைத்துனர் ஏரிக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிறார். மாலையில் மழை இறங்கினால் அவருடைய டிடிஎச் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். டிடிஎச் பயன்படுத்தும் கேயு பேண்ட் என்ற அலைவரிசை கனமழையைத் தாங்காது. எங்கள் கண்ட்ரோல் ரூமில் இருக்கும் பெரிய டிஷ் சி பேண்ட் என்ற வேறு அலைவரிசையில் வாங்குவதால் அவ்வளவு சீக்கிரம் விழாது. மழை விட்டதும் படம் தானாக வந்துவிடும். அதற்குள் பெட்டியைக் கழற்றி மாட்டி, கூரையில் ஏறி டிஷ்ஷைத் திருப்பி வேலையைப் பெரிதாக்காதீர்கள்.

இத்தனையும் பார்த்தும் படம் வரவில்லையென்றால் தாராளமாகக் கூப்பிடுங்கள். அப்போது "மேட்ச் வரவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். பெட்டியின் அடியிலோ பின்னாலோ ஒட்டியிருக்கும் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சேனல் எண், திரையில் என்ன எழுத்து வருகிறது என்று அப்படியே படித்துச் சொல்லுங்கள். சந்தா இல்லை என்று வந்தால் நான் இங்கிருந்தே சேர்த்துவிடுவேன். ஐந்து பத்து நிமிடம் பெட்டியை அணைக்காமல் அதே சேனலில் வைத்திருங்கள். சிக்னல் இல்லை என்று வந்தால் எல்லாச் சேனலும் போய்விட்டதா என்று பாருங்கள். போயிருந்தால் பையனை அனுப்புகிறேன், தெருமுனையில் ஒயர் அறுந்திருக்கும்.