சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: கிளினிக்கில் மிஸ்ஸியும் டாக்டரும்

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களுக்குக் குடிவருபவர்களில் பலர், வைத்தியம் என்றாலே டாக்டர்தான் என்றும், நர்ஸ் அவருடைய எடுபிடி என்றும் எண்ணிக்கொண்டு அரசாங்க கிளினிக்கின் படியேறுகிறார்கள். முன்னறையில் மிஸ்ஸி (நர்ஸை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) விசாரிக்கும்போது "டாக்டரிடம் சொல்லிக்கொள்கிறேன்" என்று வாயை மூடிக்கொள்வதும் அதனால்தான். ஆனால் யார் காத்திருக்கலாம், யாரை உடனே உள்ளே அனுப்ப வேண்டும் என்பது பெரும்பாலும் அந்த விசாரிப்பிலேயே முடிவாகிறது. நெஞ்சு வலியையோ இனிப்புநீரையோ (நீரிழிவு) அங்கே மறைத்தவர் வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார்.

சாதாரணக் காய்ச்சல், இருமலுக்கு உங்களைப் பார்ப்பவர் டாக்டராகவே இருக்க வேண்டியதில்லை. பழைய தோட்டத்து மக்கள் டிரெசர் என்று அழைத்தவரின் வழிவந்த எம்.ஏ., அதாவது உதவி மருத்துவ அதிகாரி, 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்றவர். அவர் மருந்து எழுதிக் கொடுத்தால் ஏமாற்றப்பட்டதாக நினைக்க வேண்டாம்.

மிஸ்ஸியின் திறமையைக் கண்ணாரக் காண வேண்டுமானால் பிள்ளைப்பேற்றுக் காலத்தில் காணலாம். கர்ப்பிணியின் பதிவுப் புத்தகத்தில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என ஆபத்தின் அளவைக் காட்டும் நிற அடையாளம் இடப்படும். வெள்ளையாக இருக்கும்வரை கிளினிக் டெசா எனப்படும் கிராமப்புறக் கிளினிக்கின் மிஸ்ஸியே கவனித்துக்கொள்வார், சிவப்பு என்றால் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார். குழந்தை பிறந்தபின் அவர் வீட்டுக்கே வந்து, தாயின் தையலைப் பார்த்து, குழந்தையை வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, நெஞ்சுத் தோலை விரலால் மெல்ல அழுத்தி மஞ்சள் காமாலை தெரிகிறதா என்று கவனிப்பார். சந்தேகம் இருந்தால் இரத்தம் பரிசோதிக்க அழைப்பார். "காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும்" என்று பாட்டி சொல்வதை நம்பி அந்த அழைப்பைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

மிஸ்ஸிக்கும் எல்லை உண்டு. 1950ஆம் ஆண்டு தாதியர் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்று, ஆண்டுதோறும் பணிச் சான்றிதழைப் புதுப்பித்து வேலை செய்பவர் அவர். டாக்டர் எழுதிய இரத்த அழுத்த மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கேட்டால் மறுத்துவிடுவார். தெரியாததால் மறுக்கிறார் என்று நம்மவர்கள் முணுமுணுப்பது, என் பார்வையில், சற்றும் நியாயமற்றது. அந்த மாத்திரையால் தலைசுற்றுகிறது என்பதை மட்டும் அவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். டாக்டரிடம் அதைக் கொண்டுசேர்ப்பவர் அவரே.

தமிழ் பேசும் மிஸ்ஸி எப்போதும் பணியில் இருப்பார் என்று சொல்ல முடியாது. மலாய் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். கடைத்தெருவிலுள்ள தனியார் கிளினிக்குகளில் சீருடையுடன் நிற்பவர்கள் எல்லாரும் பதிவுபெற்ற தாதியர் அல்லர். அங்கேயே பயிற்சிபெற்ற உதவியாளர்களும் இருப்பார்கள். ஆகவே ஊசி போட்டுக்கொள்ளும் முன் யார் போடுகிறார் என்று கேட்பதில் தவறில்லை.