பொறிக்குள் இருப்பது எது? அணு நிறை அளவீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பென்னிங் பொறி என்பது மின்னூட்டம் கொண்ட துகளை மின், காந்தப் புலங்களால் பிடித்து வைக்கும் கருவி. அதில் ஒற்றை அயனியைக் காந்தப்புலத்தில் சுற்றவிட்டு, சுற்றும் அதிர்வெண்ணிலிருந்து நிறையைக் கணக்கிடுகிறார்கள். இன்று பதினோரு இலக்கம் வரை சொல்ல முடிகிறது. அவ்வளவு நுணுக்கத்தில், பொறிக்குள் இருப்பது சரியாக எது என்று கேட்காமல் விட்டால் கணக்கு முழுவதும் போச்சு.

பலரும் செய்வது இது: அயனியின் நிறையோடு இழந்த எலக்ட்ரானின் நிறையைக் கூட்டி, அணுவின் நிறை என்று எழுதிவிடுவது. எலக்ட்ரானை அணுவோடு கட்டிவைக்கும் பிணைப்பு ஆற்றலுக்கும் நிறை உண்டே! ஹைட்ரஜனில் அது 13.6 எலக்ட்ரான் வோல்ட். நூறு கோடியில் சுமார் 14 பங்கு. 2017-ல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் அளந்த புரோட்டான் நிறையின் பிழை எல்லையைவிட இது 400 மடங்குக்கும் மேல்.

மூலக்கூறு என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஹைட்ரஜன் மூலக்கூறு அயனிக்கும் டியூட்ரானுக்கும் (ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த கரு) நிறை கிட்டத்தட்ட ஒன்று. அதனால் ஒப்பிட்டால் பல பிழைகள் தாமாகவே கழிந்துவிடும். ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகக் குழு அப்படித்தான் அளந்தது. ஆனால் அந்த அயனி உருவாகும்போதே ஏதோ ஓர் அதிர்வு நிலையில் இருக்கும். அதிர்வில் முதல் படி ஏறினாலே நிறை ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்கு மேல் கூடும். இருமுனைத் திருப்புத்திறன் (நேர், எதிர் மின்சுமைகளின் மையங்கள் விலகி நிற்கும் தன்மை) இல்லாததால் அது தானாக எளிதில் இறங்காது. எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியாமல் அளவை ஏற்கவே கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த எச்சரிக்கை கார்பன் மோனாக்சைடு அயனி தந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக் குழு 2004-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அயனியின் அதிர்வெண் திடீர் திடீரெனத் தாவியது. காரணம் நிறை மாற்றம் அல்ல. சுழற்சி நிலை மாறியபோது, மின்புலத்தில் மூலக்கூறு முனைவாகும் அளவும் மாறியிருந்தது.

அப்புறம், பொறியில் அயனிக்கு மூன்று இயக்கங்கள் உண்டு. வேகமான ஒன்றை மட்டும் எடுத்துச் சைக்ளோட்ரான் அதிர்வெண் (நிறையைக் கணக்கிட உதவும் சுற்றும் அதிர்வெண்) என்று கொள்ளக் கூடாது. மூன்றின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

ஒளியின் அதிர்வெண்ணை வைத்து அளக்கும் நிறமாலையியல் பக்கம் வந்தால் வேறொரு சறுக்கல். ஒரு புரோட்டானும் ஒரு டியூட்ரானும் கொண்ட மூலக்கூறு அயனியின் லேசர் அதிர்வெண் புரோட்டானின் நிறையைத் தனியாகச் சொல்லாது. இரு கருக்களின் சுருக்க நிறைக்கும் (இரு நிறைகளின் பெருக்கலை அவற்றின் கூட்டலால் வகுத்தது) எலக்ட்ரான் நிறைக்குமான விகிதத்தைச் சொல்லும். புரோட்டானைப் பிரித்தெடுக்க டியூட்ரான் நிறையைப் பொறியிலிருந்து கடன் வாங்கிவிட்டு, அதே பொறி அளவைச் சரிபார்த்ததாகச் சொன்னால் சுற்றிச் சுற்றி அதே இடம்தான். விகிதத்தை விகிதத்தோடு ஒப்பிடுவதே நேர்மையான வழி. 2020-ல் டூசல்டார்ஃப், ஆம்ஸ்டர்டாம் குழுக்களின் நிறமாலை முடிவுகள் மைன்ஸ் பொறி அளவுகளோடு நன்றாக ஒத்துப்போயின.