வீட்டில் சேரும் மருந்துகளை ஒழுங்குபடுத்துவது எப்படி

சிங்கப்பூரில் இரத்த அழுத்தம், நீரிழிவு, கொழுப்பு ஆகிய மூன்றுக்கும் மருந்து உட்கொள்ளும் முதியவருக்கு எப்போதும் ஒரே மருத்துவரே எல்லாவற்றையும் எழுதிக்கொடுப்பதில்லை. நீரிழிவுக்குப் பலதுறை மருந்தகம், இதயத்துக்கு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவு, காய்ச்சலுக்குப் புளோக்கின் கீழ்த்தளத்துத் தனியார் மருந்தகம், மூட்டுவலிக்குச் சீன மருத்துவர், போதாக்குறைக்குச் சென்னையிலிருந்து உறவினர் கொண்டுவரும் மாத்திரை அட்டைகள் என்று மருந்து பல வழிகளில் வீடு வந்து சேர்கிறது. இவற்றில் ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சரியாகவே இருக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒருசேர வைத்துப் பார்த்தவர் எவரும் இருப்பதில்லை.

ஆகவே முதல் வேலை, சமையலறை இழுப்பறை, கைப்பை, குளிர்பதனப் பெட்டியின் கதவு, சாமி மாடத்தின் அடித்தட்டு, பழைய பிஸ்கட் டின் என்று எங்கெங்கே மருந்து இருக்கிறதோ அத்தனையையும் எடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்புவதாகும். என் தாயாரின் மருந்துகளை முதன்முறையாக அவ்வாறு பரப்பியபோது, இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிப்பின் மாத்திரை இரண்டு பைகளில் இருந்தது. ஒன்றில் 10 மில்லிகிராம், மற்றொன்றில் 5. கணுக்கால் வீங்கியதால் மருத்துவர் அளவைப் பாதியாகக் குறைத்து மாதக்கணக்காகியிருந்தது. பழைய பை தீரும்வரை அதை வீணாக்க வேண்டாம் என்று அம்மா அதிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தார். வீக்கம் குறையவில்லையே என்று எங்களிடம் குறைப்பட்டுக்கொண்டும் இருந்தார். அளவு மாறிய நாளிலேயே பழைய பையை அப்புறப்படுத்த வேண்டும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். காலியான பையில் வேறு மாத்திரையைப் போட்டு வைப்பதும் அதே அளவு ஆபத்தானது, ஏனெனில் மேலே ஒட்டியிருக்கும் சீட்டு உள்ளே இல்லாத மருந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்.

அடுத்து, ஒரே தாளில் ஒரு பட்டியல் எழுதுங்கள். வணிகப் பெயரை விட்டுவிட்டு, அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையே எழுத வேண்டும். இந்த ஒரு பழக்கம் பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும். இந்தியாவில் விற்கும் நீரிழிவு மாத்திரைகள் பலவற்றில் மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் ஒன்றாகவே கலந்திருக்கும். இங்கே மெட்ஃபார்மினும் கிளிப்பிசைடும் தனித்தனியாகத் தரப்பட்டிருக்க, அதையும் இதையும் சேர்த்து உட்கொண்டால், மெட்ஃபார்மின் இருமடங்காவதோடு, கிளிமெபிரைடு, கிளிப்பிசைடு என்ற ஒரே வகையைச் சேர்ந்த இரு மருந்துகள் சேர்ந்து சர்க்கரையை அபாயகரமாக இறக்கிவிடும். பாராசிட்டமாலும் அப்படித்தான்: பனடோலில் இருக்கிறது, தசைவலிக்குத் தரப்படும் அனாரெக்ஸில் இருக்கிறது, சளிக்கான பல கூட்டு மாத்திரைகளிலும் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு என்பதே உச்ச வரம்பு. அதைத் தாண்டினால் கல்லீரல் கெடும். உடல் எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் நோயாளிகளுக்கும் வரம்பு இன்னும் குறைவு.

ஒவ்வாமை இருந்தால் பட்டியலின் தலைப்பிலேயே எழுதி, கீழே மருந்தின் பெயர், அளவு, எதற்காக, எந்த வேளை, யார் எழுதிக்கொடுத்தார் என்பவற்றைக் குறியுங்கள். சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் வழியாக ஹெல்த்ஹப் என்ற சுகாதாரச் செயலியில் நுழைந்தால் அரசாங்க மருத்துவ நிலையங்கள் கொடுத்த மருந்துகளைப் பார்க்கலாம். ஆனால் சீன மருந்தும், சிராங்கூன் சாலையில் வாங்கிய நாட்டு மருந்தும், சென்னை மாத்திரையும் அதில் இராது என்பதால் கையால் எழுதிய தாளுக்கு ஈடில்லை. அந்தத் தாளையும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு, அடுத்த சந்திப்பின்போது மருந்தாளரிடம் காட்டி, எவை ஒன்றோடொன்று மோதுகின்றன, எவை இனியும் தேவைதானா என்று கேளுங்கள். குறிப்பாக வலிநிவாரணிகளைக் காட்ட மறவாதீர்கள். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை, இரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரியச் செய்யும் மாத்திரையும் சாப்பிடுபவரின் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். எதையும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் அட்டெனலால், பிசோப்ரொலால், அழற்சிக்கான ஸ்டீராய்டு போன்றவற்றைத் திடீரென்று நிறுத்துவதே ஆபத்தாக முடியலாம்.

எந்த வேளை என்பதோடு எதனுடன் என்பதும் முக்கியம். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே கோப்பி குடிக்க வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உட்கொள்பவர் கீரையை ஒதுக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் போதும்.

வேளைக்கொரு சிற்றறையாகப் பிரித்த மாத்திரைப் பெட்டியை நிரப்ப, ஞாயிற்றுக்கிழமை காலை போன்ற ஒரு நேரத்தை ஒதுக்குங்கள். தொலைக்காட்சித் தொடர் ஓடும்போது வேண்டாம். ஒருவர் நிரப்ப, மற்றொருவர் பட்டியலை வைத்துச் சரிபார்ப்பது நல்லது. பணிப்பெண் மருந்து கொடுக்கும் வீடுகளில், அவருக்குப் புரியும் மொழியிலும் பட்டியல் இருக்க வேண்டும். அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டும்போது, பெயர் ஒரு துண்டிலும் காலாவதித் தேதி மற்றொரு துண்டிலும் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாக்கின் அடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரை, இரத்தம் உறையாமலிருக்கத் தரப்படும் டாபிகாட்ரான் ஆகியவை அவற்றின் சொந்தக் கொள்கலனிலேயே இருக்க வேண்டும். மூட்டு அழற்சிக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே உட்கொள்ளும் மருந்து. அதை அன்றாடம் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால், எந்தக் கிழமை என்பதைப் பட்டியலில் சிவப்பு மையில் எழுதுங்கள். அலைபேசி நினைவூட்டியை நான் பெரிதாக நம்புவதில்லை. அதை அணைத்துவிட்டு மறப்பது எளிது, ஆனால் பெட்டியில் திறந்து கிடக்கும் காலிச் சிற்றறை பொய் சொல்லாது. ஒரு வேளை தவறிவிட்டால் அடுத்த வேளையில் இரட்டிப்பாக விழுங்கக் கூடாது.

நம் ஊர்ப் புழுக்கத்தில் குளியலறையும் அடுப்புக்கு மேலிருக்கும் அலமாரியும் மருந்துக்கு ஏற்ற இடங்கள் அல்ல. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். உறைபெட்டிக்கு அருகே தள்ளினால் அது பாழாகிவிடும்.

சஷ்டி விரதமோ ரமலான் நோன்போ வருமுன் மருத்துவரிடம் சொல்லி வேளைகளை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்பட்டு உணவு தங்காதபோதும், மெட்ஃபார்மின், நீர் மாத்திரை, சில இரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவற்றைத் தொடரலாமா என்று உடனே கேட்க வேண்டும். நீரிழிவு நோயாளிக்கு வியர்வையும் நடுக்கமும் கண்டால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள்.

மேசையில் மிஞ்சிய பழைய மருந்துகளைக் கழிப்பறையில் கொட்ட வேண்டாம். அட்டையிலிருந்து பிரித்து, பயன்படுத்திய தேயிலைத் தூளுடன் கலந்து, பையில் இறுக்கக் கட்டிக் குப்பையில் போடுங்கள். இன்சுலின் ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் இட்டு மூடியை ஒட்டிவிட வேண்டும். வெறும் பையில் போட்டு எறிந்தால் ஊசி குத்துவது துப்புரவாளரின் கையைத்தான்.